ஒட்டும் உறையும்: சரியும் நுரையீரலைத் தாங்கிய மருத்துவத்தின் வரலாறு

நுரையீரலுக்கும் மார்புக்கூட்டின் உட்சுவருக்கும் இடையில் ஓர் இடைவெளி இருப்பதாக உடற்கூற்று நூல்கள் எழுதுகின்றன. உண்மையில் உடல்நலம் உள்ளவரிடம் அங்கே இடைவெளி ஏதுமில்லை. நுரையீரலைப் போர்த்திய மெல்லிய உறை ஒன்று, மார்புச் சுவரின் உட்புறம் படர்ந்த உறை மற்றொன்று. இவ்விரண்டும் சிறிதளவு நீர்ப்பசையின் துணையால் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிக்கொண்டு ஒட்டினாற்போல் இருக்கின்றன. சுருங்கிவிடத் துடிப்பது நுரையீரலின் இயல்பு. வெளிநோக்கி விரிய முயல்வது மார்புக்கூட்டின் இயல்பு. இந்த இழுபறியினால் உறைகளுக்கிடையே வெளிக்காற்றைவிடக் குறைவான அழுத்தம் நிலைபெறுகிறது. எங்கேனும் ஒரு துளை விழுந்து காற்று உள்ளே புகுந்தால் அந்த அழுத்தம் குலைந்து, நுரையீரல் காற்றிழந்த பந்துபோல் சுருங்கிவிடும். மருத்துவர்கள் இதனை நிமோதோராக்ஸ் என்பர்.

நெடிது வளர்ந்த மெலிந்த இளைஞர் ஒருவருக்கு இது நேரும்போது பெரும்பாலும் வலியோடும் அச்சத்தோடும் கடந்துபோகும். ஆனால் நெடுநாள் புகைபிடித்தோ, அடுப்புப் புகையிலேயே வாழ்ந்தோ, காசநோயின் தழும்புகளைச் சுமந்தோ நுரையீரல் பழுதுபட்டவருக்கு நேரும்போது நிலைமை வேறு. மாற்றாகச் செலவிட அவரிடம் மூச்சு மிச்சமில்லை. இளைஞர் பாதி நுரையீரலை இழந்தும் நடந்துவந்து மருத்துவரைக் காண்பார். நாட்பட்ட நோயாளியோ கால்பங்கு சுருங்கினாலே உயிருக்குப் போராடுவார். அத்துடன் முடிவதுமில்லை. 1990ஆம் ஆண்டு அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 229 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. தடுப்பு முறை எதுவும் செய்யப்படாதவர்களில் 41 விழுக்காட்டினருக்கு மீண்டும் நுரையீரல் சரிந்தது என அது காட்டியது. ஆகவே காற்றை வெளியேற்றுவது பாதி மருத்துவமே. மறுபடி சரியாமல் காப்பதுதான் மறுபாதி. அந்த மறுபாதியின் வரலாறு நேர்கோட்டில் செல்வதன்று. ஒரு காலத்து மருத்துவர்கள் பகையெனக் கண்டு தீயிட்டு அறுத்ததையே அடுத்த தலைமுறை முயன்று உண்டாக்கியது. அதற்கடுத்த தலைமுறை மீண்டும் அதனைக் கண்டு தயங்கியது.

பண்டைய மருத்துவர்கள் மார்பின் உறையில் உண்டாகும் நோய்களை அறியாதவர்கள் அல்லர். ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில், நோயாளியின் தோளைப் பற்றிக் குலுக்கி, மார்பினுள் நீர் தளும்பும் ஒலியைச் செவியால் கேட்கும் முறை சொல்லப்படுகிறது. பானையில் நீர் தளும்ப வேண்டுமாயின் நீரோடு காற்றும் இருந்தாக வேண்டும். ஆகவே அவர்கள் பெயரறியாமலேயே காற்றையும் கேட்டிருக்கிறார்கள் எனலாம். அரபு மருத்துவம் விலாப்புற உறையின் அழற்சியை 'தாத்துல் ஜன்ப்' எனப் பெயரிட்டுத் தனி இயலாக வளர்த்தது. ஹதீஸ் நூல்களைப் பயின்றோருக்கும் இச்சொல் புதிதன்று. தலைமுதல் கால்வரை நோய்களை வரிசைப்படுத்தும் 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில் இப்னு சீனா இதன் வலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், நாடியின் தன்மை ஆகியவற்றைப் பிரித்துக் காட்டி, நுரையீரலின் அழற்சியினின்றும் இதனை வேறுபடுத்துகிறார். எனினும் காற்றே நோயாகும் நிலையை அந்நூலில் தேடுவது வீண்முயற்சி என்பது நம் கருத்து.

இங்கே ஒரு செய்தியைச் சற்று நின்று ஆராய வேண்டியுள்ளது. அனதோலியாவின் அமாஸியா நகரில் 1308ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட தாருஷ் ஷிஃபா என்னும் மருத்துவமனையில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றியவர் ஷரஃபுத்தீன் சாபூன்ஜுஓக்லு. எண்பது வயதை எட்டிய நிலையில், ஹிஜ்ரி 870இல், அதாவது 1465இல், அவர் 'ஜர்ராஹிய்யத்துல் ஹானிய்யா' என்னும் அறுவை மருத்துவ நூலை எழுதினார். குர்துபாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ எழுதிய 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாவது பகுதியே இதற்கு மூலம். ஆனால் இது வெறும் மொழிபெயர்ப்பன்று. தம் கைப்பட்ட அனுபவங்களை அவர் இடையிடையே சேர்த்தார். கருவிகளை மட்டும் வரைந்து காட்டிய ஸஹ்ராவீயைக் கடந்து, மருத்துவரும் நோயாளியும் அமர்ந்திருக்கும் நிலையையும் கை வைக்கும் இடத்தையும் வண்ணப் படங்களாகத் தீட்டினார். அரபியிலன்றித் துருக்கி மொழியில் எழுதியதற்கு, தம் நாட்டு மக்கள் பேசுவது அதுவே என்ற காரணத்தையும் கூறினார். கற்றோர் மொழியை விட்டுக் கைவினைஞர் மொழிக்கு வந்த அத்துணிவு ஒன்றே அவரை நினைவிற்கொள்ளப் போதுமானது.

2009ஆம் ஆண்டு துருக்கிய அறுவை மருத்துவர்கள் சிலர் எழுதிய கட்டுரை ஒன்று, சாபூன்ஜுஓக்லு நிமோதோராக்ஸை அறிந்திருந்தார், அதற்குக் காற்றை உறிஞ்சும் சிகிச்சையையும் பரிந்துரைத்தார் எனக் கூறிற்று. விலா எலும்பு முறிவைப் பற்றிய பகுதியில் மிஹ்ஜமா, அதாவது ஹிஜாமாவுக்குப் பயன்படும் கிண்ணம், வைக்கச் சொல்லியிருப்பதே அவர்கள் காட்டும் சான்று. அதன் பின்னர், உலகின் முதல் நிமோதோராக்ஸ் சிகிச்சை இஸ்லாமிய உலகில்தான் தோன்றியது என்று எழுதுவோருக்கு இது வசதியாயிற்று. நம்மால் இதனை அப்படியே ஏற்க இயலவில்லை. தோலின்மேல் வைத்த கிண்ணம் தோலையும் தசையையும் இழுக்குமேயன்றி, விலா எலும்புகளுக்கு அப்பாலுள்ள உறையினின்று காற்றை வாங்காது. உள்ளே குத்தி வழி உண்டாக்கினாலன்றி அது நடவாது. முறிந்து உள்வாங்கிய விலா எலும்பை வெளியே இழுத்து நிமிர்த்துவதற்காக அக்கிண்ணம் பயன்பட்டிருக்கலாம் எனக் கொள்வது நூலின் போக்கிற்கும் பொருந்துகிறது. விலா முறிவோடு மூச்சுத் திணறுவோரை அந்த முதியவர் கண்டார், அவர்களுக்கு ஏதேனும் செய்ய முயன்றார் என்பது மட்டுமே ஐயத்திற்கு இடமில்லாதது. அவர் சொல்லாததை அவர் வாயில் நாம் வைப்பதால் அவருடைய பெருமை கூடிவிடாது. சொன்னவற்றுக்கே இன்னும் உரிய வாசகர்கள் அவருக்குக் கிடைக்கவில்லை.

நோய்க்குப் பெயரிட்டவர் பாரிசைச் சேர்ந்த இட்டார். ஆண்டு 1803. காட்டில் கண்டெடுக்கப்பட்ட விக்டர் என்ற சிறுவனுக்குக் கல்வி புகட்ட முயன்று புகழ்பெற்ற அதே இட்டார்தான் இவர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1819இல், ஸ்டெதாஸ்கோப்பை உலகுக்கு அறிமுகப்படுத்திய லெனெக் தம் நூலில் இந்நோயின் குறிகளை முழுமையாக வரைந்தார். தட்டினால் பறைபோல் ஒலிக்கும், செவிமடுத்தால் மூச்சொலி கேட்காது: இவ்விரு குறிகளும் சேர்ந்தால் உள்ளே இருப்பது காற்றே என அவர் நிறுவினார். நுரையீரலின் காற்றறைகள் விரிந்து சிதையும் நோயையும் தெளிவாக எழுதியவர் அவரே. விரிந்த அறை வெடித்தும் காற்று கசியக்கூடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆயினும் அக்காலத்தில் பெரும்பான்மையான நிமோதோராக்ஸுக்குக் காசநோயே காரணமாக இருந்தது. அந்தக் காசநோயே 1826இல் லெனெக்கின் உயிரையும் கவர்ந்தது.

அடுத்து வந்த நூறாண்டு வியப்புக்குரியது. நுரையீரல் சரிவதை நோயாகக் கண்ட மருத்துவம் அதனையே மருந்தாக்கிக்கொண்டது. புண்பட்ட உறுப்புக்கு ஓய்வு தந்தால் ஆறும் என்பது எளிய தருக்கம். லிவர்பூலின் ஜேம்ஸ் கார்சன் 1820களின் தொடக்கத்தில் விலங்குகளின்மீது சோதித்து இக்கருத்தை முன்வைத்தார். இத்தாலியின் கார்லோ ஃபோர்லானினி 1882இல் இதனைக் காசநோய்ச் சிகிச்சையாக முன்மொழிந்து பின்னர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஊசி வழியே உறைகளுக்கிடையில் காற்றைச் செலுத்தி நுரையீரலை வேண்டுமென்றே சுருங்கச் செய்வர். காற்றை உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி செலுத்துவர். ஆண்டுக்கணக்கில் இது தொடரும். ஐரோப்பாவின் மலைச் சானடோரியங்களில் இலட்சியமான சிகிச்சை இதுவே எனக் கருதப்பட்டது.

இச்சிகிச்சைக்கு ஒரே பெரும் தடை, ஒட்டுகள். பழைய அழற்சியினால் இரு உறைகளும் ஆங்காங்கே நார்களாக ஒட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு காற்றைச் செலுத்தினாலும் நுரையீரல் சுருங்காது. ஸ்டாக்ஹோமின் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாகோபியஸ் 1910இல் சிறுநீர்ப்பையைக் காணும் குழாய்க்கருவியை மார்பினுள் செலுத்திப் பார்த்தார். சில ஆண்டுகளில் அக்குழாயின் துணையோடு ஒட்டுகளை மின்வெப்பத்தால் சுட்டு அறுக்கலானார். இன்று மார்பறுவையில் புழங்கும் துளைவழிக் கருவிகளின் மூதாதை அதுதான். அது பிறந்தது ஒட்டை அழிப்பதற்காக என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அன்றைய சென்னை மாகாணத்திலும் இம்முறை வேரூன்றியது. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் 1915 முதல் இயங்கிய சானடோரியத்தில் நுரையீரலைச் சுருக்கும் சிகிச்சைகள் நடைபெற்றன. அதன் முடிவுக்கும் சென்னை ஒரு காரணமாயிற்று என்பதைப் பலர் அறியார். 1950களில் ஐசோனியசிட் முதலிய மருந்துகள் வந்த பின், சென்னை காசநோய் மருந்தாய்வு மையம், மருந்துகளை வீட்டிலிருந்தே உட்கொண்ட ஏழை நோயாளிகளையும் சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமும் பெற்றவர்களையும் ஒப்பிட்டது. நோய் நீங்குவதில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது 1959இல் வெளியான முடிவு. படுக்கையும் மலைக்காற்றும் இன்றியமையாதவை அல்ல என்றானதும், ஊசிவழிக் காற்றுக்கும் இடமில்லாமற் போயிற்று.

இதற்கிடையே மற்றொரு திருத்தம் நிகழ்ந்தது. திடீரென நுரையீரல் சரிந்தவர் எவராயினும் அவருக்குக் காசநோய் மறைந்திருக்கிறது என்ற நம்பிக்கை ஆழப் பதிந்திருந்தது. நலமாக இருந்த இளைஞர்கள்கூட இக்காரணத்தால் மாதக்கணக்கில் சானடோரியங்களில் அடைபட்டனர். டென்மார்க்கின் ஹான்ஸ் கெர்கோர் 1932இல் வெளியிட்ட ஆய்வு இதனை உடைத்தது. நுரையீரலின் மேற்பரப்பில் தோன்றும் சிறு காற்றுக் கொப்புளங்கள் வெடிப்பதே இத்தகையோரில் காரணம் எனத் தெளிவாயிற்று. காரணம் கிருமியாக இல்லாமல் கொப்புளமாக இருக்குமாயின், ஒன்று வெடித்தபின் இன்னொன்று வெடிக்கும். அதனைத் தடுப்பது எப்படி என்ற கேள்வி அப்போதுதான் உரிய வடிவில் எழுந்தது.

விடை, யாகோபியஸ் சுட்டு அறுத்த அதே ஒட்டு. இரு உறைகளையும் வேண்டுமென்றே ஒட்டவைத்துவிட்டால், கொப்புளம் வெடித்தாலும் காற்று பரவ இடமிராது. நுரையீரல் சுவரோடு நிற்கும். டாவோஸ் நகரின் லூசியஸ் ஸ்பெங்லர் 1906இலேயே வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு உறையைப் புண்ணாக்கி ஒட்டவைக்கும் முயற்சியை எழுதியிருந்தார். ஆனால் இத்துறையில் நிலைத்த பெயர் கனடாவின் நார்மன் பெத்யூன் உடையது. 1926இல் காசநோய்க்கு ஆளான அவர், சாரனாக் ஏரிக்கரையின் ட்ரூடோ சானடோரியத்தில் தம் நுரையீரலையே காற்றூட்டிச் சுருக்கச் செய்து மீண்டவர். மார்பறுவை மருத்துவராகி மான்ட்ரியாலில் பணியாற்றுகையில், 1935இல், நுரையீரலின் ஒரு மடலை வெட்டி நீக்குமுன் எஞ்சிய மடல்கள் சரிந்துவிடாதிருக்க, டால்க் என்னும் மாக்கல் தூளை உறைகளுக்கிடையே தூவி ஒட்டவைக்கும் முறையை அவர் வெளியிட்டார். ஒட்டு இல்லாததால் தாம் பிழைத்தார். ஒட்டை உண்டாக்கிப் பிறரைப் பிழைக்கவைத்தார். பின்னர் ஸ்பெயினுக்கும் அதன்பின் சீனப் போர்முனைக்கும் சென்ற பெத்யூன், அறுவையின்போது விரலில் பட்ட வெட்டினால் குருதியில் நஞ்சேறி 1939 நவம்பரில் இறந்தார்.

அவர் தூவிய அதே டால்க், இன்றளவும் ஒட்டவைக்கும் பொருள்களில் முதலிடத்தில் நிற்கிறது. அது பசையன்று. உறையை உறுத்தி அழற்சியை மூட்டுகிறது. அழற்சி நாரிழைகளை நெய்கிறது. இழைகள் இரு உறைகளையும் தைத்துவிடுகின்றன. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நுரையீரல் முழுமையாக விரிந்து சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாத இரண்டைத் தைக்க இயலாது. வழுக்கும் உறை ஒட்டிவிட்டால் மூச்சு முட்டாதா என்ற ஐயம் எவருக்கும் எழும். இதற்கு யானையே விடை. யானையின் மார்பில் அந்த இடைவெளி இயல்பாகவே இணைப்புத் திசுவால் நிரம்பிக் கிடக்கிறது. ஆனாலும் அது மூச்சு விடுகிறது, நீரில் மூழ்கித் துதிக்கையை மட்டும் மேலே நீட்டி நீந்தவும் செய்கிறது. அவ்வாறு நீந்தும்போது உண்டாகும் அழுத்த வேறுபாட்டைத் தாங்கவே இவ்வமைப்பு என உடலியங்கியல் அறிஞர் ஜான் வெஸ்ட் விளக்கியுள்ளார். மனிதர்க்கும் ஒட்டினால் மூச்சின் அளவு சிறிது குறையுமேயன்றி வாழ்வுக்கு ஊறில்லை.

டால்க்கின்மீது இரு குற்றச்சாட்டுகள் எழுந்தன. கனிமச் சுரங்கத்தில் அது கல்நாரோடு கலந்து கிடைக்கக்கூடும் என்பதால் பிற்காலத்தில் உறையில் புற்றுநோய் தோன்றுமோ என்பது ஒன்று. டால்க் அல்லது கயோலின் இடப்பட்ட 210 பேரை 14 முதல் 40 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்த பிரிட்டிஷ் ஆய்வு, அவர்களில் எவருக்கும் அப்புற்றுநோய் தோன்றவில்லை என 1979இல் அறிவித்தது. மற்றொன்று, தூள் இட்ட சில நாள்களுக்குள் சிலருக்கு மறுபக்க நுரையீரலும் சேர்ந்து கடுமையாக அழற்சியுறுவது. துகள்கள் மிக நுண்ணியவையாக இருந்தால் குருதியில் கலந்து பரவுகின்றன என்பது இதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. நுண்துகள்களை நீக்கிப் பருமனானவற்றை மட்டும் இட்ட 558 புற்றுநோயாளிகளில் ஒருவருக்கும் அக்கோளாறு நேரவில்லை என 2007இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

அறுவையின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். கொப்புளங்களை வெட்டி நீக்கும் முறை 1941இல் வெளியிடப்பட்டது. உறையைத் துணியால் தேய்த்துப் புண்ணாக்குவதும் அதே ஆண்டின் செய்தியே. மார்புச் சுவரின் உறையையே உரித்தெடுக்கும் முறையை 1956இல் கென்ஸ்லர் அறிமுகப்படுத்தினார். 1990களில் ஒளிப்படக் கருவி பொருத்திய குழாய்வழி இவையனைத்தும் சிறு துளைகளின் மூலம் நிகழலாயின. மீண்டும் சரிவோர் நூற்றுக்குச் சிலரே என்ற நிலை வந்தது.

ஆயினும் இவ்வெற்றிகள் பெரும்பாலும் இளைஞர்களுக்கே உரியவை. சிக்கல் தொடங்குமிடம் நாட்பட்ட நோயாளி. மறுசரிவினால் உயிருக்கு மிகுதியான ஆபத்து இருப்பது அவருக்கே. மயக்க மருந்தையும் ஒற்றை நுரையீரலில் மூச்சுவிடுவதையும் தாங்கும் ஆற்றல் குறைந்தவரும் அவரே. எவருக்குத் தடுப்பு மிகத் தேவையோ அவருக்கே அது மிக அரிது. இவரை முன்னிட்டுத்தான் மார்பில் இட்ட குழாய்வழி மருந்து செலுத்தி ஒட்டவைக்கும் முறைகள் வளர்ந்தன. முன்னர்க் குறிப்பிட்ட 1990ஆம் ஆண்டு ஆய்வில் டெட்ராசைக்ளின் செலுத்தப்பட்டோரில் மறுசரிவு 41இலிருந்து 25 விழுக்காடாகக் குறைந்தது. வலியோ கொடியது. பின்னர் ஊசிவழி டெட்ராசைக்ளின் சந்தையிலிருந்தே மறைந்தது. அதன் இடத்தை டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் ஆகியவையும் நீரில் கரைத்த டால்க் கலவையும் பிடித்தன.

நோயாளியின் சொந்தக் குருதியை எடுத்து உடனே அவர் மார்புறைக்குள் செலுத்தும் முறையை 1987இல் கனடாவின் மருத்துவர் ஒருவர் வெளியிட்டார். குருதி உறைந்து கசியும் துளையை அடைக்கிறது. சிறு அழற்சியையும் மூட்டுகிறது. பெருஞ்செலவில்லை, அரிய பொருள் தேவையில்லை. வசதி குறைந்த மருத்துவமனைகளில் இதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். ஜப்பானின் வதனபே, கசியும் பகுதிக்குச் செல்லும் மூச்சுக்கிளையைச் சிலிக்கோன் அடைப்பானால் உள்ளிருந்தே மூடும் வழியைக் கண்டார். காற்றை வெளியே விட்டு உள்ளே விடாத ஒருவழித் தடுக்கிதழ்களும் பின்னர் அவ்வாறே பயன்படலாயின.

ஒட்டின் கதையில் மூன்றாம் திருப்பம் 1983இல் வந்தது. டொரான்டோவில் ஜோயல் கூப்பர் குழுவினர் செய்த நுரையீரல் மாற்று அறுவை நீடித்த வெற்றி பெற்றது. பழுதான நுரையீரலையே கழற்றி மாற்றலாம் என்றானபோது, ஒட்டிய உறை மீண்டும் தடையாகத் தெரிந்தது. நுரையீரலைச் சுவரினின்று பிரித்தெடுக்கையில் குருதி பெருக்கெடுத்தது. ஒருகால் இன்று ஒட்டவைத்தால் நாளை மாற்று அறுவைக்கு வாயில் அடைபடுமோ என்று, நார்த்திசு நோயாளிகளையும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் கொண்ட இளையோரையும் நோக்கிய மருத்துவர்கள் தயங்கினர். அறுவைக் கைத்திறன் வளர்ந்தபின் அத்தயக்கம் தளர்ந்தது. இப்போது ஒட்டு, மாற்று அறுவைக்கு முழுத்தடையாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் மாற்று அறுவைக்கு உரியவராகக்கூடிய ஒருவர்க்கு எதையும் செய்யுமுன் அம்மையத்தாரைக் கலந்துகொள்வது முறை.

பழைய நடைமுறை, முதல் சரிவை மன்னித்து இரண்டாவதற்குக் காத்திருப்பது. நாட்பட்ட நோயாளியிடம் இக்காத்திருப்பு பொருந்தாது என்ற எண்ணம் வலுத்தது. 2023இல் வெளியான பிரிட்டிஷ் மார்பு மருத்துவக் கழகத்தின் நெறிமுறை, கடுமையான நுரையீரல் அடைப்பு நோயோடு வாழ்ந்து சரிவின்போது நிலைகுலைந்தவர்க்கு, முதல் நிகழ்விலேயே மருந்திட்டு ஒட்டவைப்பதை எண்ணிப் பார்க்கலாம் என்கிறது. அறுவைக்குத் தகுதியற்றவரிடம் காற்றுக் கசிவு நிற்காதபோது, சொந்தக் குருதியையும் மூச்சுக்கிளை அடைப்பான்களையும் அது ஏற்றுக்கொண்டுள்ளது. நிலையான அறுவைத் தடுப்பு செய்யப்படாதவர் கடலடி நீச்சலை வாழ்நாள் முழுதும் விலக்க வேண்டும். விமானமேற விரும்புவோர் நுரையீரல் முற்றும் விரிந்ததை எக்ஸ்ரேயில் உறுதி செய்து ஏழு நாள்கள் பொறுக்க வேண்டும். ஹஜ், உம்ரா பயணத்துக்கு நாள் குறித்துவிட்டு மருத்துவரிடம் மறைக்கும் முதியவர்களின் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நன்று.

இவையனைத்துக்கும் முன்னே நிற்பது புகை. 1987இல் சுவீடனில் வெளியான ஆய்வில், புகைபிடிக்கும் ஆண்களுக்கு முதன்முறை நுரையீரல் சரியும் வாய்ப்பு புகைக்காதோரைவிட இருபத்திரண்டு மடங்கும், பெண்களுக்கு ஒன்பது மடங்கும் மிகுதியெனக் கணக்கிடப்பட்டது. டால்க் தூவி மீண்டவரின் சட்டைப் பையில் பீடிக்கட்டு தொடருமாயின், ஒட்டிய பக்கம் தாங்கக்கூடும். மறுபக்கத்தில் உறை இன்னும் ஒட்டப்படாமலே இருக்கிறது.